எத்திராஜ் சார் திட்டாத காலம்

தீபாவளி விடுமுறை முடிந்து ஷெட் திறந்த அன்று எத்திராஜ் சார் என்னிடம், "நாகவேணி, உங்க முயற்சி ரொம்ப நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் கவனம் வெச்சா பிரமாதமா வரும்" என்றார். நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். வேறு யாராவது நாகவேணி வந்து நிற்கிறாளோ என்று சந்தேகம்.

சந்தேகப்படாமல் என்ன செய்வது? எத்திராஜ் சார் எங்கள் சூப்பர்வைசர். ஓசூரில் கார் கதவுக்குத் தகடு அழுத்தும் எங்கள் ஆலையில் அவர் வாய் பிரசித்தம். "கண்ணு பொடனியிலயா இருக்கு? தகடு இடது பக்கம் தூக்கிட்டு நிக்குது, தெரியல?" என்றுதான் அவருக்குக் காலை வணக்கமே தொடங்கும். கேட்டால் பற்றிக்கொண்டு வரும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தகடு இடது பக்கம் தூக்கியிருக்கிறது என்ற விஷயமும் அந்தத் திட்டுக்குள்ளேயேதான் இருக்கும். அவருக்குத் தொழில் திட்டோடு சேர்ந்துதான் வெளியே வரும். தனியாகப் பிரித்துத் தர அவருக்குத் தெரியாது.

எங்கள் ஷெட்டில் காதுமூடியும் முகமூடியும் இல்லாமல் யாரும் நிற்கக் கூடாது. தகடு அழுத்தும் பிரஸ் ஒவ்வொன்றும் இறங்கும்போது தரை அதிரும், எண்ணெய்ப் புகை வேறு. அதனால் பேச்செல்லாம் காதுமூடி வழியாகத்தான். ஒடிசாவிலிருந்து வந்த ஆள் ஒடியாவில் பேசினால் எனக்கு அதே குரலில் தமிழில் கேட்கும். நான் தமிழில் பேசினால் அவருக்கு ஒடியாவில் கேட்கும். இது வந்து பல வருடம் ஆகிவிட்டது, நாங்கள் பழகிவிட்டோம். வீட்டில் மிக்ஸி ஓடுகிற மாதிரி, அதைப் பற்றி யாரும் யோசிப்பதே கிடையாது.

அந்த வருடம் ஆட்கள் கொத்துக் கொத்தாக வேலையை விட்டுப் போனார்கள். எங்கே போனாலும் வேலை கிடைக்கிற ஊர், ஏச்சு வாங்கிக்கொண்டு இங்கே எதற்கு இருக்க வேண்டும்? மனிதவளப் பிரிவுக்குத் தலைவராக வந்த பிரிசில்லா மேடம் சூப்பர்வைசர்கள் எல்லாரையும் ஏற்காட்டுக்கு அழைத்துப் போய்ப் பயிற்சி கொடுத்தார். திரும்பி வந்த பிறகு அத்தனை பேரும் தேனாகப் பேசினார்கள். "ஏற்காட்டுல காப்பியில ஏதோ கலந்து ஊத்தியிருக்காங்கடி" என்றாள் பக்கத்து பிரஸ்ஸில் நிற்கும் சுகுணா. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

அந்தச் சிரிப்பு நிஜம். அதை மறைப்பானேன்? எனக்கு நிம்மதியாக இருந்தது. தலைவலி போயிற்று. "என்ன, இப்பல்லாம் குழம்புல காரம் குறையுது?" என்று என் வீட்டுக்காரரே கேலி செய்தார். ஆட்கள் வேலையை விட்டுப் போவதும் நின்றுவிட்டது. எங்கள் ஆலைக்கு ஏதோ விருது கொடுத்தார்கள், கேண்டீனில் எல்லாருக்கும் பாதாம் அல்வா கிடைத்தது.

கூடவே இரண்டு விதிகள் வந்தன. வேலைப் பேச்சைக் காதுமூடியில் மட்டும்தான் பேச வேண்டும். கேண்டீனிலோ கேட்டுக்கு வெளியிலோ பேசினால் இரண்டு பேருக்கும் மெமோ. சூப்பர்வைசர்களுக்குச் சாப்பாடு மாடியில். நாங்கள் அதையும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டோம்.

பொங்கலுக்குப் பிறகு நான் டை செட்டர் வேலைக்குப் பெயர் கொடுத்தேன். டை என்பது அச்சு. ஒவ்வொரு கார் கதவுக்கும் ஒரு அச்சு, ஒவ்வொன்றும் ஒரு அறை அளவு இரும்பு. தகட்டை எடுத்து வைப்பது, அழுத்தியதை எடுப்பது எல்லாம் ரோபோ செய்துவிடும். ஆனால் அச்சை மாற்றி, பிரஸ்ஸுக்குள் மட்டம் பார்த்து உட்கார வைத்து, போல்ட் இறுக்குவது இன்னும் மனிதக் கைதான். அதைக் கற்றால்தான் அடுத்த படி. கற்காவிட்டால் பொத்தான் பார்த்துக்கொண்டே ஓய்வு பெற வேண்டியதுதான். எங்கள் ஷெட்டில் இதுவரை ஒரு பெண் டை செட்டர் கிடையாது. அந்த முதல் ஆள் நானாக இருக்க வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு வெறி.

எத்திராஜ் சார்தான் பழக்க வேண்டும். ஒவ்வொரு முறை அச்சு மாற்றும்போதும் நான் போல்ட் இறுக்குவேன், அவர் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பார். காதில், "அருமை நாகவேணி, நல்ல முன்னேற்றம்" என்று கேட்கும். முகமூடிக்கு மேலே அவர் கண்கள் மட்டும் வழக்கம்போல் என்னை எரித்துக்கொண்டிருக்கும். அது அவர் கண்ணின் அமைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அச்சு ஏதோ முரண்டு பிடிக்கிறது என்று என் கைக்குத் தெரிந்தது. நான் மாற்றிய நாட்களில் கதவின் ஓரத்தில் மெல்லிய பிசிறு வரும், யாராவது பிறகு வந்து சரிசெய்வார்கள். தினமும் கேட்டேன்: "சார், எங்க தப்பு பண்றேன்? பாத்துச் சொல்லுங்க சார்." "உங்க ஆர்வம் பாராட்டத்தக்கது. இப்படியே போங்க" என்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "பாராட்டெல்லாம் வேணாம் சார், பழையபடி நாலு திட்டாவது திட்டிச் சொல்லிக் கொடுங்க" என்றே கேட்டுவிட்டேன். அதற்கும், "உங்க கூட வேலை செய்யறது சந்தோஷமா இருக்கு" என்று பதில் வந்தது. அப்படி என்றால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

தேர்வு வைக்க அம்பத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். ஓடாத பிரஸ் ஒன்று நிற்கும் பயிற்சிக் கூடம். சத்தம் இல்லை, அதனால் காதுமூடியும் இல்லை. நான் அச்சை இறக்கி, மட்டம் பார்த்து, போல்ட்டுகளை வரிசையாக இறுக்கினேன். பாதியிலேயே அவர் கையை உயர்த்தினார்.

"இருங்கம்மா. ஏன் ஒரே பக்கமா இறுக்கிட்டுப் போறீங்க?"

"எப்பவும் இப்படித்தான் சார்."

"ஒரு பக்கம் முழுசா இறுக்கினா மறுபக்கம் அச்சு மயிரிழை தூக்கிக்கும். குறுக்கக் குறுக்க இறுக்கணும். பழகுற முதல் வாரத்துலயே சொல்லுவாங்களே. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

தேறவில்லை என்று எழுதிவிட்டுப் போனார். சூப்பர்வைசர் சம்மதித்தால் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தவறினால் அவ்வளவுதான், இந்த ஆலையில் அந்த வேலை எனக்கு இல்லை.

ஷிப்ட் முடிந்து எத்திராஜ் சார் வண்டி எடுக்க வரும் வரை ஸ்டாண்டிலேயே நின்றேன். மெமோ வந்தால் வரட்டும். கம்பெனி பஸ் கிளம்பிப் போனது, அதுவும் போகட்டும்.

"ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?" என்றேன். "குறுக்க இறுக்கணும்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க வாயில முத்தா உதுந்துடும்? பொம்பளை தேறக் கூடாதுன்னுதானே அருமை அருமைன்னு ஏமாத்தினீங்க?"

அவர் வண்டிச் சாவியோடு அப்படியே நின்றார். "நான் சொல்லலையா? உன்கிட்ட கத்திக் கத்தி என் தொண்டை போச்சு. குறுக்க இறுக்கு, குறுக்க இறுக்குன்னு ஒரு நாளு விடாம சொன்னேன். அதை மட்டுமா சொன்னேன், உன் பரம்பரையையே இழுத்தேன்."

"எப்ப? என் காதுல விழவே இல்லையே."

அவர் முகம் மாறியது. சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்ககிட்ட கையெழுத்து வாங்கியிருக்காங்க. காதுமூடியில இன்சொல்லுன்னு ஒண்ணு போட்டிருக்காங்க. நாங்க என்ன பேசினாலும் அது நல்ல வார்த்தையா மாத்தி எங்க குரல்லயே உங்களுக்குக் குடுத்துரும். ஏற்காட்டுல பயிற்சியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. போனோம், போட்டிங் போனோம், வந்தோம். ஆனா திட்டைத்தான் எடுத்துடும், தொழில் சங்கதியை அப்படியே குடுக்கும்னு சொன்னாங்க."

"அதையும் சேத்துத்தான் எடுத்திருக்கு" என்றேன். இத்தனை நாள் நான் வீட்டுக்குச் சுமந்து போன பாராட்டில் ஒன்றுகூட என்னுடையதில்லை. அவமானமாக இருந்தது. ஏமாந்தவளுக்கு ஏன் அவமானம் வரவேண்டும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, வந்தது.

அவர் விடவில்லை. "சரி, என் பேச்சுதான் உனக்கு வரல. உனக்குன்னு ஒரு இது வேணாமா? ஒரு நாளாவது எங்க தப்புன்னு என்னைக் கேட்டியா? என்ன சொன்னாலும் 'ரொம்ப நன்றி சார், எல்லாம் நல்லா போகுது சார்'. இவளுக்குத் திமிரு, கத்துக்கற எண்ணமே இல்லைன்னு நான் எழுதியே குடுத்துட்டேன்."

"நானா? தினமும் கேட்டேன் சார். திட்டியாவது சொல்லிக் கொடுங்கன்னு கூடக் கெஞ்சினேன்."

அவருக்கும் இது தெரியாது என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. இத்தனை நாளும் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து பிரிசில்லா மேடத்தின் அறைக்குப் போனோம். மேடம் கெட்டவர் இல்லை. எங்களை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார்.

"இன்சொல் ரெண்டு பக்கமும்தான் வேலை செய்யுது" என்று ஒப்புக்கொண்டார். "தொழிலாளி மனசு நோகக் கூடாதுன்னா சூப்பர்வைசர் மனசும் நோகக் கூடாது இல்லையா? ஒவ்வொரு பேச்சுக்கு அப்புறமும் ரெண்டு பேர் குரலும் எவ்வளவு இதமா இருக்குன்னு அது அளக்கும். இதம் கூடினா அதுக்கு மார்க்கு. 'எங்க தப்பு'ன்னு கேட்டா பேச்சு நீளும், சங்கடம் வரும், மார்க்கு குறையும். அதனால அந்தக் கேள்வியையே தவிர்க்கப் பழகிடுச்சு. நாங்க யாரும் அப்படிச் செய்யச் சொல்லல."

"ஆள் நிக்கணும்னு பாத்தீங்க, வளரணும்னு பாக்கலையே மேடம்" என்றார் எத்திராஜ் சார். காதுமூடி இல்லாமல் மேலிடத்தில் பேசி அவருக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது, வியர்த்துக்கொட்டியது.

"நம்பிக்கை வளர்ந்திருக்குன்னு சர்வே சொல்லுது."

"எதுல நம்பிக்கை?" என்றேன். "சார் மேலயா, அந்த மிஷின் மேலயா?"

மேடம் டீயை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். "இது வேணாம், ஆபத்துன்னு தலைமை ஆபீசுக்கு நானே பல தடவை சொல்லிட்டேன். ஒவ்வொரு தடவையும் எம்.டி. என்னைப் பாராட்டறார். உங்க கருத்து ரொம்ப மதிப்புள்ளதுங்கறார்."

"எம்.டி. கூட நேர்ல பேசுவீங்களா மேடம்?"

"இல்ல, எல்லாம் வீடியோவுலதான்" என்றார். சொல்லி முடித்ததும் அவர் முகத்தில் இருந்த களை போய்விட்டது. ஆனால் ஓர் உதவி செய்தார். சாப்பாட்டு நேரத்தில், பிரஸ்கள் நிற்கும்போது, பயிற்சிக் கூடத்தில் காதுமூடி இல்லாமல் பழக எங்கள் இருவருக்கும் வாய்மொழியாக அனுமதி கொடுத்தார்.

எல்லாம் சுபம் என்று நினைத்தால் அதுதான் தப்பு. முதல் நாள் அவர் வாயைத் திறந்த உடனே எனக்கு அழுகை முட்டியது. இத்தனை மாதம் கேட்காமல் இருந்ததில் என் தோல் மெலிந்துவிட்டிருந்தது. அவர் வாயோ இன்னும் மோசமாகியிருந்தது. "அடுப்பு ஊதுற கை போல்ட்டைப் பிடிச்சா இப்படித்தான் இருக்கும்" என்றார்.

நான் ஸ்பானரைக் கீழே வைத்தேன். "சார், போல்ட்டைப் பத்திச் சொல்லுங்க. அடுப்பு என் வீட்ல இருக்கு, அதை நான் பாத்துக்கறேன்."

"திட்டியாவது சொல்லிக் கொடுன்னு நீதானே கேட்ட?"

"தப்பைச் சொல்லுங்கன்னு கேட்டேன். நான் பொம்பளையா இருக்கறது தப்பில்லையே."

அவருக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தைப் போட இடமில்லாமல் சுவரோரம் போய் நின்றார். அன்று வேலை நடக்கவில்லை. மறுநாள் வருவாரோ மாட்டாரோ என்று நான் சோற்றைக்கூடச் சாப்பிடாமல் காத்திருந்தேன். வந்தார். நான் போல்ட்டில் கை வைத்ததும் வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். "இது... இடது பின்பக்கம். பாதி இறுக்கு. பாதி போதும். அப்புறம் வலது முன்பக்கம்" என்றார். அந்த நாலு வார்த்தைக்குள் அவர் நெற்றி நனைந்துவிட்டது.

ஒரு நாள் அச்சைத் துடைத்துக்கொண்டே அவராகவே சொன்னார். "எனக்குப் பழக்கினவரு ஸ்பானராலயே முட்டியில போடுவாரு. நான் வாயோட நிறுத்திக்கிட்டேன், அவரைவிடத் தேவலைன்னு ஒரு நெனப்பு. இந்த இன்சொல்லு வந்ததும் ரொம்ப சௌகரியமாப் போச்சு. எதை வேணா பேசலாம், எவன் மனசும் நோகாது. என் வாயிலேருந்து என்ன வருதுன்னு நானே கேக்கறதை விட்டுட்டேன்."

எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. கூடவே எரிச்சலும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டே கற்றேன். குறுக்கே இறுக்க, அச்சு உட்காரும் ஓசையைக் காதால் பிடிக்க, முதல் அழுத்தத்தைத் தகடு இல்லாமல் மெல்ல இறக்கிப் பார்க்க. நடுவில் இரண்டு முறை அவர் பழையபடி வாயை விட்டார், இரண்டு முறையும் நான் ஸ்பானரைக் கீழே வைத்தேன். அதற்குப் பிறகு அவர் நாக்கைக் கடித்துக்கொள்ளப் பழகினார். பேச்சு பாதியாகக் குறைந்தது. ஆனால் பேசிய ஒவ்வொரு சொல்லும் எனக்கு உதவியது.

எத்திராஜ் சார் சம்மதித்து நடந்த இரண்டாம் தேர்வில் தேறினேன். அம்பத்தூர்காரர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த திங்கட்கிழமை, ஓடுகிற ஷெட்டில் நான் தனியாக ஓர் அச்சை மாற்றினேன். எத்திராஜ் சார் மாடியில் கண்ணாடி அறையில் இருந்தார். போல்ட்டெல்லாம் இறுக்கி, பிரஸ்ஸை மெல்ல இறக்கி ஏற்றி, பிறகு ரோபோவிடம் விட்டேன். முதல் கதவு வந்தது. ஓரத்தில் விரலை ஓட்டினேன். பிசிறு இல்லை. சுகுணா தன் இடத்திலிருந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள்.

அப்போது காதில் அவர் குரல். "நாகவேணி, ரொம்ப நல்லா பண்ணீங்க. உங்களை நெனச்சா எனக்குப் பெருமையா இருக்கு."

இத்தனை நாள் கேட்ட அதே குரல், அதே குழைவு. என் நெஞ்சில் அது இறங்கவில்லை. நிஜத்தில் அவர் என்ன சொல்லியிருப்பார்? நல்லதையே சொல்லியிருக்கலாம். 'இதுக்கு இவ்வளவு நேரமா' என்று கேட்டிருக்கவும் கூடும். எனக்கு அந்தக் கேள்வியோடு வேலை செய்ய முடியாது. பிரஸ்ஸைச் சுகுணாவிடம் ஒப்படைத்துவிட்டு மாடிப்படி ஏறினேன்.

கண்ணாடி அறைக்குள் சத்தம் வராது. நான் காதுமூடியைக் கழற்றினேன். அவருடையது ஏற்கெனவே கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சார், இப்ப எங்கிட்ட என்ன சொன்னீங்க?"

"நானா? ஒண்ணும் சொல்லலையே."

"பெருமையா இருக்குன்னு சொன்னீங்க. காதுல கேட்டுச்சு."

அவர் கழுத்தில் கிடந்ததைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மேசைத் திரையைக் காட்டினார். "போன மாசம் புதுசா எதையோ ஏத்தியிருக்காங்க. நாங்க ரொம்ப நேரம் வாயைத் திறக்கலைன்னா அதுவே பாத்துப் பேசிக்குமாம். இதுல வந்துது, நான் சரியாப் படிக்கல."

நான் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்காமல் இறங்கிப் போகவும் முடியவில்லை. "அப்ப உங்களுக்கு அப்படி ஒண்ணும் தோணலையா சார்?"

"தோணுச்சு" என்றார் உடனே. "தோணுச்சு, நாகவேணி. கீழ இறங்கி வந்து நேரா சொல்லணும்னுதான் இதைக் கழட்டினேன். எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சிட்டு உக்காந்திருந்தேன். அதுக்குள்ள அது முந்திக்கிச்சு."

"அது சொன்னதை நான் நம்பல சார். நீங்க சொல்லுங்க."

அவர் எழுந்து நின்றார். முகமூடியையும் கழற்றினார். "அது சொன்னதேதான் எனக்கும் வாயில வருது. வேற ஒண்ணும் வரமாட்டேங்குது" என்றார். அவர் கண்ணில் நீர் கட்டியிருந்தது.

கீழே பிரஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன, எனக்கு அடுத்த அச்சு காத்திருந்தது. நான் அவர் எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அவசரம் இல்ல சார்" என்றேன். "யோசிச்சே சொல்லுங்க."